நகலெடுத்த பிறகு வார்ப்புரு யாருடையது?

இணையதளம் ஒன்றை வெற்றுக் கோப்பிலிருந்து எழுதத் தொடங்குவோர் இன்று அரிது. எச்டிஎம்எல் பக்கத்தின் எலும்புக்கூடு, தோற்றத்தை வகுக்கும் அடிப்படை சிஎஸ்எஸ், ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, உலாவித் தாவலில் தெரியும் சிறு படமான ஃபேவிகான், பிழைப்பக்கம், தேடுபொறிகளுக்கான குறிப்புக் கோப்பு என எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக வேண்டியவற்றை ஒரே கோப்புறையில் அடுக்கித் தரும் ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட், அதாவது தொடக்க வார்ப்புரு, ஒன்றைப் பதிவிறக்கி, அதன்மேல் வேலையைத் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது, பால் ஐரிஷும் திவ்யா மணியனும் 2010 ஆகஸ்டில் வெளியிட்ட எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட். அதையும் அதன் வழிவந்தவற்றையும் பயன்படுத்துவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பது தெரியும். வார்ப்புருவை ஒரு லைப்ரரியைப் போல, அதாவது வேறு யாரோ பராமரிக்க நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளாக எண்ணிவிடுகிறோம். நகலெடுத்த கணத்திலேயே அது நம்முடைய நிரலாகிவிடுகிறது. அதன் ஒவ்வொரு வரிக்கும் நாமே பொறுப்பு.

ஒரே பெயரில் பல பொருள்கள் புழங்குவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பாய்லர்பிளேட் போன்றவை தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லாத வெறும் எலும்புக்கூடுகள். 2011 ஆகஸ்டில் டுவிட்டர் நிறுவனத்திலிருந்து வெளிவந்த பூட்ஸ்டிராப், பொத்தான்களும் கட்டங்களும் மெனுக்களும் அடங்கிய சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க். வீட் போன்றவை கட்டளை கொடுத்தவுடன் ஒரு புராஜெக்டின் கோப்புகளை உருவாக்கித் தருபவை. இவை தவிர, படங்களும் வண்ணங்களும் சேர்த்து முழுமையாக வடிவமைக்கப்பட்ட ஆயத்தத் தளங்களும் டெம்ப்ளேட் என்றே அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரை பேசுவது முதன்மையாக முதல் வகையைப் பற்றி.

"புதிய பதிப்பு வந்திருக்கிறது, என் தளத்தையும் மேம்படுத்த வேண்டுமா?" என்பது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. வேண்டியதில்லை என்பதே பொதுவான விடை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த வார்ப்புருவின் முதல் பக்கத்தை நாம் அன்றே மாற்றத் தொடங்கிவிட்டோம். சிஎஸ்எஸ் கோப்பின் பாதியை நீக்கியிருப்போம், மீதிக்குள் நம் விதிகளைச் செருகியிருப்போம். அதன்மேல் புதிய பதிப்பைக் கொண்டுவந்து ஒட்டினால் பயன் ஏதும் விளையாது. ஓடிக்கொண்டிருக்கும் தளம் உடைவதற்கு வாய்ப்பு மட்டும் கூடும். ஆனால் வார்ப்புருவோடு கூடவே வந்த லைப்ரரிகளின் நிலை வேறு. ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின், 2020 ஏப்ரலில் வெளிவந்த 3.5.0 பதிப்பு, அதற்கு முந்தைய பதிப்புகளில் இருந்த, தாக்குபவரின் ஸ்கிரிப்ட் பக்கத்துக்குள் நுழைய இடமளித்த ஓட்டைகளை அடைத்தது. பழைய வார்ப்புரு ஒன்றிலிருந்து பிறந்த தளத்தில் அதற்கு முந்தைய ஜேகுவெரி இன்னும் இருந்தால், வார்ப்புருவைத் தொடாமல் அந்த ஒரு கோப்பை மட்டும் புதுப்பிக்க வேண்டும். பதிப்புக் குறிப்புகளை வாசிக்கும்போதும் இதே பிரிப்பு உதவும்: பாதுகாப்பு தொடர்பான மாற்றமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், மற்றவற்றை அடுத்த புராஜெக்டுக்கு விட்டுவிடலாம்.

புராஜெக்டை உருவாக்கித் தரும் கருவிகளில் இந்த எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2016-இல் வந்து பல ஆண்டுகள் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைக் கற்போரின் முதல் படியாக விளங்கிய கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் புதிய பணிகளுக்குப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று அதிகாரபூர்வமாகவே அறிவிக்கப்பட்டது. அதில் எழுதிய தளங்கள் மறுநாளும் ஓடின. ஆனால் அவற்றின் கட்டுமான ஏற்பாடு முழுவதும் ஒரே தொகுப்புக்குள் மறைந்திருந்ததால், நகலெடுத்தவருக்கு அது முழுமையாகச் சொந்தமாகியிருக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும், கோப்புகள் நம் கைக்கு வந்துவிடுகின்றனவா, அல்லது ஒரு கருவியைச் சார்ந்தே காலம் தள்ள வேண்டுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, "இந்த வரி எதற்கு, நீக்கலாமா?" என்பது. வார்ப்புருவின் உள்ளடக்கம் முழுவதையும் விளக்கிவிடக்கூடிய கேள்வி இது. ஏனெனில் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஏதோ ஓர் உலாவியின் ஏதோ ஒரு நடத்தைக்கு எழுதப்பட்ட மறுமொழி. அந்த நடத்தை இன்னும் இருக்கிறதா என்று தெரிந்தால் வரியின் ஆயுளும் தெரிந்துவிடும்.

எழுத்துக் குறிமுறையை அறிவிக்கும் வரியை எடுத்துக்கொள்வோம். அது தலைப்பு உறுப்புக்கும் முன்பாக, பக்கத்தின் உச்சியிலேயே வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அந்த அறிவிப்பு முழுமையாக அமைந்திருக்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் தரத்தின் விதி. அதற்கு மேலே நீண்ட குறிப்புகளையும் ஸ்கிரிப்டுகளையும் செருகிவிட்டால், செர்வரும் குறிமுறையைச் சொல்லாத நிலையில், உலாவி ஊகிக்கத் தொடங்கும். ஆங்கிலமல்லாத எழுத்துகள் சிதைந்து தெரிவதற்கு இது ஒரு பழைய காரணம். இந்த வரிக்கு இன்றும் முழு உயிர் உண்டு.

வியூபோர்ட் வரியும் அப்படியே. 2007-இல் ஐபோன் வந்தபோது, கணினித் திரைக்கென எழுதப்பட்ட தளங்களைச் சிறிய திரையில் காட்டுவதற்காக, பக்கம் 980 பிக்சல் அகலமுடையது என்று அதன் சஃபாரி உலாவி வைத்துக்கொண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டியது. அப்படிச் சுருக்க வேண்டாம், கருவியின் அகலத்தையே எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு ஆப்பிள் அறிமுகப்படுத்திய வரி, பின்னர் எல்லாக் கைபேசி உலாவிகளுக்கும் பொதுவாயிற்று. சில வார்ப்புருக்கள் இதே வரியில் பயனர் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொல்லையும் சேர்த்துவிடுகின்றன. பார்வை குறைந்தவர்களுக்கு இது நேரடி இடையூறு. ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி அந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை என்றாலும், அதைக் கண்டவுடன் அகற்றிவிட வேண்டும்.

இனி உயிர் போன வரிகளுக்கு வருவோம். பழைய வார்ப்புருக்களில் எச்டிஎம்எல் உறுப்பே நான்கைந்து முறை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பதுண்டு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7, 8 ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகுப்புப் பெயர் கிடைக்கும்படி, அந்த உலாவிக்கு மட்டுமே புரியும் நிபந்தனைக் குறிப்புகளுக்குள் அவை எழுதப்பட்டிருந்தன. 2012-இல் வந்த பத்தாம் பதிப்பே அந்த வசதியைக் கைவிட்டது; பதினோராம் பதிப்புக்கான ஆதரவும் பெரும்பாலான விண்டோஸ் பதிப்புகளில் 2022 ஜூன் 15-இல் முடிந்தது. ஆகவே அந்த அடுக்கு முழுவதும் இன்று வெறும் சுமை. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் குரோம் இயந்திரத்தைப் பொருத்திய குரோம் ஃபிரேம் என்ற செருகுநிரலுக்கு ஆதரவு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அதை வேண்டி அழைக்கும் மெட்டா வரியை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் தளங்களும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பிழைப்பக்கத்தின் கடைசியில் இருந்த ஒரு குறிப்பு. பாய்லர்பிளேட்டின் 404 பக்கம் மிகச் சிறியது; ஆனாலும் அது 512 பைட்டுகளைத் தாண்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். செர்வர் அனுப்பும் பிழைப்பக்கம் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைக் காட்டாமல் தன்னுடைய சொந்தப் பிழைச்செய்தியைக் காட்டிவிடும் என்பதே காரணம். இந்தக் காரணம் தெரியாத ஒருவர், தேவையற்ற இடத்தைக் குறைப்பதாக நினைத்துப் பக்கத்தைச் சுருக்கியிருந்தால், அவருடைய பிழைப்பக்கம் பாதிப் பயனர்களுக்குக் காணாமலே போயிருக்கும், ஏன் என்றும் அவருக்குப் புரிந்திராது. இன்று அந்த உலாவியே புழக்கத்தில் இல்லாததால் குறிப்பை நிம்மதியாக அழிக்கலாம். காரணத்தை எழுதி வைத்தவருக்குத்தான் இந்த நிம்மதிக்காக நன்றி சொல்ல வேண்டும்.

நீக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று, ஜோடியாக இயங்கும் வரிகள். பழைய பக்கங்களில் எச்டிஎம்எல் உறுப்புக்கு 'நோ-ஜேஎஸ்' என்ற வகுப்பு இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் இயங்கினால் மாடர்னைசர் என்ற சிறு லைப்ரரி அதை 'ஜேஎஸ்' என்று மாற்றிவிடும். மாடர்னைசர் தேவையில்லை என்று அதை மட்டும் எடுத்துவிட்டு வகுப்பை விட்டுவைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கென எழுதிய சிஎஸ்எஸ் விதிகள் எல்லோருக்கும் செயல்படத் தொடங்கும்: மெனு எப்போதும் விரிந்தே கிடக்கும், "ஜாவாஸ்கிரிப்டை இயக்கவும்" என்ற செய்தி அகலவே அகலாது. ஒரு வரியை நீக்கும் முன் அதிலுள்ள பெயரை எல்லாக் கோப்புகளிலும் தேடிப் பார்ப்பது இத்தகைய தொல்லைகளைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

ஸ்கிரிப்டை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற விவாதம் ஒரு காலத்தில் சூடாக நடந்தது. ஸ்கிரிப்ட் ஒன்றைக் கண்டவுடன் உலாவி பக்கத்தைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அதை இறக்கி இயக்கும் என்பதால், பக்கத்தின் அடியில் வைப்பதே வேகத்துக்கு நல்லது என்ற விதி நிலைபெற்றது. 'டிஃபர்' என்ற பண்பு எல்லா உலாவிகளிலும் சீராக இயங்கத் தொடங்கிய பின் அந்த விதிக்கு அவசியம் குறைந்துவிட்டது: தலைப்பகுதியில் வைத்தாலும் ஸ்கிரிப்ட் பின்னணியில் இறங்கி, பக்கம் முழுவதும் வாசிக்கப்பட்ட பிறகு, எழுதிய வரிசையிலேயே இயங்கும். அடியில் வைத்திருக்கும் தளத்தை இதற்காக மாற்ற வேண்டியதில்லை. புதிதாக எழுதுவோர் தலைப்பகுதியில் டிஃபருடன் வைக்கலாம்.

இதைவிட முக்கியமானது, லைப்ரரிகளைப் பொது சிடிஎன்னிலிருந்து (பல தளங்களுக்கும் கோப்புகளை வழங்கும் வெளிச் செர்வர்களிலிருந்து) அழைப்பதா, நம் செர்வரிலேயே வைப்பதா என்பது. பழைய வார்ப்புருக்கள் ஜேகுவெரியை கூகுளின் சிடிஎன்னிலிருந்து அழைத்து, அது கிடைக்காவிட்டால் உள்ளூர் நகலைப் பயன்படுத்தும்படி இரண்டு வரிகளை எழுதியிருந்தன. வேறொரு தளத்தில் அதே கோப்பை ஏற்கெனவே இறக்கியிருந்தால் பயனரின் உலாவி அதை மறுபடியும் இறக்க வேண்டியதில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணம். அந்தக் காரணம் இன்று இல்லை. தளங்களுக்கிடையே பயனர்களைப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனித் தற்காலிகச் சேமிப்பை உலாவிகள் ஏற்படுத்திவிட்டன; சஃபாரி இதை முன்பே செய்திருக்க, குரோம் 2020 அக்டோபரில் 86ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பிலும் பின்தொடர்ந்தன. ஒரே கோப்பாக இருந்தாலும், தளம் மாறினால் மறுபடி இறக்கியே ஆக வேண்டும்.

காரணம் போனது மட்டுமல்லாமல் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்பித் தந்த பாலிஃபில்.ஐஓ என்ற சேவையின் முகவரி 2024 பிப்ரவரியில் கைமாறியது. அதே ஆண்டு ஜூனில், அதை அழைத்த தளங்களின் பயனர்கள் சிலரை வேறு தளங்களுக்குத் திருப்பிவிடும் நச்சு நிரல் அதில் கலந்திருப்பது தெரியவந்தது. பாதிப்புக்குள்ளான தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. அவற்றில் பலவும் அந்தச் சேவை தேவைப்பட்ட உலாவிகளை எப்போதோ கைவிட்டிருக்கக்கூடியவை; வரியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சிடிஎன் தவிர்க்க முடியாததென்றால், கோப்பின் சரிபார்ப்புக் குறியீட்டை அழைப்பு வரியிலேயே எழுதிவைக்கும் வசதி உண்டு. இறங்கிய கோப்பு ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதை இயக்க மறுக்கும். ஆனால் உலாவிக்கு ஏற்ப வெவ்வேறு கோப்பை அனுப்பும் சேவைகளுக்கு இந்தக் காப்பு பொருந்தாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பாய்லர்பிளேட்டையும் பூட்ஸ்டிராப்பையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று கேட்போருக்கு: பயன்படுத்தலாம், ஆனால் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சிஎஸ்எஸ் அடித்தளங்கள் வேண்டாம். உலாவிகளின் இயல்புத் தோற்ற வேறுபாடுகளைச் சமன்செய்யும் நார்மலைஸ் என்ற கோப்பு பல வார்ப்புருக்களில் இருக்கிறது. 2018-இல் வந்த பூட்ஸ்டிராப் 4 முதல், நார்மலைஸின் மேல் கட்டிய ரீபூட் என்ற பகுதி பூட்ஸ்டிராப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரண்டையும் ஏற்றினால் பின்னால் ஏற்றியது வெல்லும். இடைவெளி ஏன் மாறிற்று என்று தேடிக்கொண்டிருக்க நேரும். பூட்ஸ்டிராப்பை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவதே எளிது.

அடிப்படை சிஎஸ்எஸ் கோப்பில் மாற்றாமல் விட்டுவிடும் சிறு விதிகள் நம்மைக் காட்டிக்கொடுக்கும். பாய்லர்பிளேட்டின் தொடக்கப் பதிப்புகளில், பக்கத்தில் உள்ள எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் அவற்றின் பின்புலம் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். உங்கள் வடிவமைப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று அருகிலேயே குறிப்பும் இருந்தது. பலர் மாற்றவில்லை, சாம்பலும் நீலமுமாக அடக்கமாக வடிவமைத்த தளங்களிலும் எலியால் ஒரு வரியை இழுத்தால் அந்த இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். பின்வந்த பதிப்புகள் அதை வெளிர் நீலமாக்கிவிட்டன. அச்சிடுவதற்கான விதிகளும் இப்படித்தான்: இணைப்பு ஒவ்வொன்றின் முகவரியையும் அடைப்புக்குறிக்குள் தாளில் அச்சிடும் விதி கட்டுரைகளுக்குப் பயன்படும், ரசீதுகளுக்கும் பயணச்சீட்டுகளுக்கும் பெருந்தொல்லை.

செர்வர் தொடர்பான கோப்புகளில்தான் மெய்யான சேதம் நேரக்கூடும். அப்பாச்சி செர்வருக்கான எச்டி-அக்சஸ் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால், மேக்கிலும் லினக்சிலும் அது கண்ணுக்குத் தெரியாது. கோப்புகளைத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடும்போது விட்டுப்போகும். "வார்ப்புருவில் சொன்ன கோப்புச் சுருக்கமும் உலாவிச் சேமிப்பும் வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் ஒரு பகுதி இதனால் வருவது. மற்றொரு பகுதி, தளம் என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு செர்வர் மென்பொருளில் ஓடுவதால் வருவது. என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சியிலும்கூட, முதன்மை அமைப்புக் கோப்பை மாற்றும் உரிமை இருந்தால் விதிகளை அங்கே எழுதுவதே மேல். இல்லையேல் செர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்புறை கோப்புறையாக அந்தக் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

எச்டி-அக்சஸ் கோப்பு சிஎஸ்எஸ்ஸையும் ஜாவாஸ்கிரிப்டையும் ஓராண்டுக்குச் சேமித்துவைக்கும்படி உலாவியிடம் சொல்கிறது. வேகத்துக்கு இது மிக நல்லது. ஆனால் கோப்பு மாறும்போது அதன் பெயரும் மாறும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. பெயரை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால், பக்கம் புதிதாகவும் தோற்றம் பழையதாகவும் தெரியும். நம் கணினியில் புதுப்பித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று நாம் சொல்ல, மறுபுறம் வாடிக்கையாளர் உடைந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைய கட்டுமானக் கருவிகள் கோப்புப் பெயரில் உள்ளடக்கத்தைச் சார்ந்த குறியீட்டைத் தாமே சேர்த்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கருவி இல்லாத தளத்தில், பெயரில் பதிப்பு எண்ணைக் கையால் மாற்ற வேண்டும், அல்லது சேமிப்புக் காலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தேடுபொறிகளுக்கான ரோபாட்ஸ் கோப்பில் இருப்பது இரண்டே வரி. தடை என்று பொருள்படும் சொல்லுக்குப் பின் எதுவும் இல்லாவிட்டால் முழுத் தளமும் திறந்திருக்கிறது என்று பொருள். அங்கே ஒரே ஒரு சாய்கோடு இருந்தால் முழுத் தளமும் மூடப்பட்டுவிட்டது. உருவாக்க நிலையில் சாய்கோடு போட்டு வைத்து, வெளியிடும்போது எடுக்க மறப்பது நடக்கக்கூடிய தவறு. இதேபோல, புள்ளிவிவரச் சேவைக்கான நிரல் துண்டில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள் நிரப்பிய வெற்று அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும். பழைய துண்டாக இருந்தால் அடையாளத்தை நிரப்பியும் பயனில்லை, ஏனெனில் கூகுளின் பழைய புள்ளிவிவரச் சேவையான யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-இலிருந்து தரவைச் சேகரிப்பதை நிறுத்திவிட்டது. பக்கத்தின் மொழியைக் குறிக்கும் பண்பையும் மறக்கக் கூடாது. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலக் குறியீடு அப்படியே நின்றால், திரைவாசிப்பான் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலுக்கு ஒப்படைத்துவிடும்.

உரிமம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். பாய்லர்பிளேட், பூட்ஸ்டிராப் இரண்டும் எம்ஐடி உரிமத்தில் வருபவை. வணிகத் தளத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், பக்கத்தின் அடியில் பெயர் போட வேண்டியதில்லை, ஆனால் நிரலின் கணிசமான பகுதியைப் பகிரும்போது பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கூடவே செல்ல வேண்டும். வடிவமைக்கப்பட்ட ஆயத்தத் தளங்களில் நிலைமை வேறாக இருக்கலாம்: எச்டிஎம்எல்5 அப் தளத்தின் இலவச வார்ப்புருக்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், உருவாக்கியவருக்கான நற்குறிப்பைத் தளத்தில் வைத்திருப்பது கட்டாயம். அடிக்குறிப்பை அழிக்கும் முன் கோப்புறையிலுள்ள உரிமக் கோப்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

சில புராஜெக்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் வருவது, சொந்தமாகவே ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம். வைத்துக்கொள்ளலாம். இன்றைய உலாவிகளுக்கு டாக்டைப் (இது எச்டிஎம்எல் பக்கம் என்று அறிவிக்கும் முதல் வரி), மொழி, குறிமுறை, வியூபோர்ட், தலைப்பு, விவரிப்பு, ஒரு சிஎஸ்எஸ் இணைப்பு, டிஃபருடன் ஒரு ஸ்கிரிப்ட் ஆகியவையே தொடங்கப் போதுமானவை. இருபது வரிக்குள் முடிந்துவிடும். பெரிய வார்ப்புருவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டிய வரியை வேண்டும்போது மட்டும் எடுத்துச் சேர்ப்பதே என் பரிந்துரை. சேர்க்கும் ஒவ்வொரு வரிக்கு மேலும், அது எந்த உலாவியின் எந்தப் பதிப்புக்காக, எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால், அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் பெயரைத் தேடி, அகப்படும் வரிகளையெல்லாம் ஒரே தடவையில் அகற்றிவிடலாம்.